மலையேற்றப் பையில் ஒளிந்திருக்கும் தண்ணீர்

மாசி, பங்குனி மாதங்களில் வெள்ளியங்கிரி ஏற வருகிறவர்களின் பைகளில் பெரும்பாலும் ஒரே மாதிரியான சாப்பாடுதான் இருக்கும். ஓட்டலில் கட்டி வாங்கிய இட்லி, டப்பாவில் தக்காளி சாதம், ஒரு சீப்பு வாழைப்பழம், போதாததற்குக் குளிர்பான பாட்டில். பூண்டி அடிவாரத்திலிருந்து ஏழு மலையும் ஏறி இறங்க ஏறக்குறைய பன்னிரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். முதல் மலையின் படிகளிலேயே தோள் வலிக்க ஆரம்பித்தவர், பையில் சாமான் அதிகமாகிவிட்டது என்றுதான் நினைப்பார். சாமான் அதிகமில்லை. அவர் தூக்கிக்கொண்டு போவதில் முக்கால்வாசி தண்ணீர். அதுவும் பெரும்பாலும் குடிக்க உதவாத தண்ணீர். மலைக்கு என்ன சாப்பாடு எடுத்துப் போவது என்ற கேள்விக்கு விடை சத்துப் பட்டியலில் இருப்பதைவிட இந்தத் தண்ணீர்க் கணக்கில்தான் அதிகம் இருக்கிறது.

அந்த இட்லிப் பொட்டலத்தையே பிரித்துப் பார்க்கலாம். நான்கு இட்லி சுமார் 200 கிராம். சாம்பாரும் சட்னியும் சேர்ந்தால் 400 கிராமைத் தொட்டுவிடும். இத்தனையும் சாப்பிட்டால் 400 கலோரி தேறினால் பெரிய விஷயம். அதே 400 கலோரி 80 கிராம் கடலை மிட்டாயில் கிடைக்கிறது. எடையில் ஐந்தில் ஒரு பங்கு, கொடுக்கும் தெம்பு ஒன்றே. காரணம் எளிது. நூறு கிராம் அரிசியில் ஏறக்குறைய 350 கலோரி இருக்கிறது. வடித்த சோற்றில் நூறு கிராமுக்கு 130தான். வேகும்போது அரிசி சத்தை அதிகம் இழக்கவில்லை, தண்ணீரைக் குடித்து ஏறக்குறைய மூன்று மடங்கு கனத்துவிட்டது. வாழைப்பழத்தில் முக்கால் பங்கு தண்ணீர். தோலைக் கழித்தால் கணக்கு இன்னும் மோசம். தண்ணீரை விலக்கிய பிறகு அடுத்துப் பார்க்க வேண்டியது கொழுப்பு. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு நான்கு கலோரி தரும்போது கொழுப்பு ஒன்பது தருகிறது. அவல், சத்துமாவு, வெல்லம் எல்லாம் நூறு கிராமுக்கு 350லிருந்து 400 வரை நிற்க, வேர்க்கடலை 560ஐத் தாண்டுவதும், உலர்த்தித் துருவிய தேங்காய் 650க்கு மேல் போவதும் இதனால்தான்.

ஒருநாள் மலைக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையா என்று கேட்டால், நியாயமான கேள்விதான். நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வரும் ஒருவரின் தசையிலும் கல்லீரலிலும் 400லிருந்து 500 கிராம் வரை மாவுச்சத்து சேமிப்பில் இருக்கும். ஏறக்குறைய 2000 கலோரி. அதோடு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொறித்தால் ஒருநாள் ஏற்றத்துக்குப் பெரும்பாலும் போதும். ஆகவே இட்லியை அடிவாரத்திலேயே வயிற்றில் ஏற்றிக்கொள்ளலாம், தோளில் ஏற்ற வேண்டியதில்லை. அரைக்கிலோ கூடக்குறைய இருப்பதால் யாரும் விழுந்துவிடப் போவதுமில்லை. கணக்கு உண்மையில் கடிக்க ஆரம்பிப்பது இரண்டு மூன்று இரவு கூடாரத்தில் தங்கும் நடையில். நாளொன்றுக்கு 3000 கலோரி வேண்டும் என்று வைத்துக்கொண்டால், உலர்ந்த உணவாக எடுத்துப்போனால் 750 கிராம். ஐந்து நாளைக்கு நாலு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அதையே சோற்றின் எடையில் போட்டால் பதினொரு கிலோவைத் தாண்டும். அவ்வளவு சோற்றை யாரும் கட்டிக்கொண்டு போகப் போவதில்லை, இரண்டாம் நாளே ஊசிப்போய்விடும். அது ஊசிப்போவதும் கனப்பதும் ஒரே காரணத்தால்தான்: கிருமி வளரத் தேவையான ஈரம்தான் தோளையும் அழுத்துகிறது. காயவைத்தல், வறுத்தல், வெல்லப்பாகில் போடுதல், உப்பில் ஊறவைத்தல் என்று நம் சமையலறை செய்துவந்ததெல்லாம் இந்த ஈரத்தை வெளியேற்றும் அல்லது கட்டிப்போடும் வேலைதான்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. உலர்ந்த உணவை அப்படியே விழுங்க முடியுமா? ஊறவைக்கவோ கரைக்கவோ தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீரையும் தூக்கினால் மிச்சம்பிடித்தது என்ன? வழியில் தண்ணீர் கிடைக்காத இடத்தில் இந்த மறுப்பு முழுக்கச் சரி. வறண்ட கரட்டில் நாள் முழுக்க நடக்கிறவர் சத்துமாவைத் தூக்குவதும் ஆரஞ்சுப் பழத்தைத் தூக்குவதும் கடைசியில் ஏறக்குறைய ஒன்றுதான். ஆரஞ்சில் தண்ணீர் உள்ளேயே வந்துவிடுகிறது. ஆனால் வெள்ளியங்கிரியில் கைதட்டிச் சுனையும் ஆண்டிச் சுனையும் இருக்கின்றன. இமயமலைப் பாதைகள் பெரும்பாலும் ஓடைகளை ஒட்டியே போகின்றன. அங்கெல்லாம் தண்ணீரை அடிவாரத்திலிருந்து சுமப்பது, ஆற்றங்கரைக்குப் பானையை நிரப்பி எடுத்துப் போவது மாதிரி. அதனால் உணவைத் தேர்ந்தெடுக்கும் முன் பாதையில் எங்கெங்கே தண்ணீர் கிடைக்கும், அந்த மாதத்தில் கிடைக்குமா என்று விசாரிப்பதுதான் முதல் வேலை. கிடைக்கும் தண்ணீரைக் கொதிக்கவைக்க வேண்டும், இல்லையென்றால் குளோரின் மாத்திரை போட வேண்டும் என்பது தனிச் சங்கதி.

தண்ணீரோடு எரிபொருளையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதற்குத் தென்துருவத்திலிருந்து ஓர் உதாரணம் இருக்கிறது. 1911-12இல் துருவத்துக்குப் போன ராபர்ட் ஸ்காட்டின் குழு, ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான உணவை எடுத்துப் போனது: பிஸ்கட், உலர்ந்த இறைச்சியும் கொழுப்பும் சேர்த்து இறுக்கிய பெமிக்கன், வெண்ணெய், சர்க்கரை, கொஞ்சம் கொக்கோ, தேயிலை. அதிலேயே சுமார் 4500 கலோரி. எடைக்கும் தெம்புக்கும் உள்ள விகிதத்தை மட்டும் பார்த்தால் இன்றைக்கும் குறை சொல்ல முடியாது. ஆனால் பெமிக்கனைக் கஞ்சியாகக் காய்ச்சவும் குடிக்கவும் பனியை உருக்க வேண்டும், உருக்க மண்ணெண்ணெய் வேண்டும். திரும்பும் வழியில் சேமித்து வைத்திருந்த டின்களில் எண்ணெய் குறைந்து போயிருந்தது. அவர்கள் உயிரோடு திரும்பவில்லை. அதற்குக் காரணங்கள் பல. தேவைக்குக் குறைவாகச் சாப்பிட்டதும் கடுங்குளிரும் அதில் உண்டு. ஆனாலும் சுற்றிலும் உறைந்த தண்ணீரே நிறைந்திருந்த இடத்தில் தண்ணீருக்கு எரிபொருள் தேட வேண்டியிருந்தது என்பதை மலையேறுகிறவர்கள் மறக்கக் கூடாது.

நம்மவர் இமயமலைக்குப் போகும்போது இந்த எரிபொருள் விஷயம் வேறு உருவில் வந்து நிற்கும். உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறைகிறது. 300 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி வீதம் குறைந்த சூட்டிலேயே தண்ணீர் கொதித்துவிடுகிறது. 4000 மீட்டரில் அது கொதிப்பது 87 டிகிரிக்கு அருகில். பொங்கிப் பொங்கிக் கொதித்தாலும் துவரம்பருப்பு வேகாது, அரிசி நடுவில் கல்லாகவே நிற்கும். குக்கரைத் தூக்கிப் போனால் பருப்பில் மிச்சம்பிடித்த எடை குக்கரில் போய்விடும். திபெத்தியர்கள் வறுத்த பார்லி மாவான சம்பாவையும் பிகார்க்காரர்கள் வறுத்த கடலை மாவான சத்துவையும் பயணத்தில் நம்பி வந்ததன் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. சமையலை ஊரிலேயே முடித்துவிட்டார்கள். அவலும் அப்படித்தான். நெல்லை ஊறவைத்து வறுத்து இடித்தபோதே அது வெந்துவிட்டது. மலையில் அதற்கு வேண்டியது பச்சைத்தண்ணீர் மட்டும். வறுத்து அரைத்த சத்துமாவு, எண்ணெயில் பொரித்துக் காயவைத்த இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் ஆகியவையும் இந்த வரிசையில் சேரும்.

கடைகளில் கிடைக்கும் ரெடி டு ஈட் பொட்டலங்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1961இல் மைசூரில் தொடங்கப்பட்ட பாதுகாப்பு உணவு ஆராய்ச்சி ஆய்வகம் ராணுவத்துக்காக இந்த வகை உணவில் நிறைய வேலை செய்திருக்கிறது. பிரித்த உடனே சாப்பிட வேண்டிய சிப்பாய்க்கு அது வரப்பிரசாதம். ஆனால் பையில் அடைத்துச் சூட்டில் கிருமிநீக்கிய புலாவில் தண்ணீர் அப்படியே இருக்கிறது. கெடாமல் இருப்பதால் அது உலர்ந்த உணவாகிவிடாது. தண்ணீர் ஊற்றிச் சாப்பிடும், உறையவைத்து உலர்த்திய வகை வேறு. அது உண்மையிலேயே இலேசு, விலைதான் கனம். பணம் இருக்கிறவர்கள் வாங்கலாம். அவலும் வேர்க்கடலையும் ஏறக்குறைய அதே வேலையைச் சில்லறைக் காசில் செய்துவிடுகின்றன என்பது என் கட்சி.

இனி, எல்லோரும் சொல்லும் ஆட்சேபம்: மாவையும் அவலையும் தின்று எத்தனை நாள் ஓட்டுவது, நாக்கு ஒத்துக்கொள்ள வேண்டாமா? இதை ருசி பிடித்தவர்களின் சலிப்பு என்று தள்ளிவிட முடியாது. உயரத்தில் பசி மந்தப்படுகிறது, எண்ணெய்ப் பண்டம் குமட்டுகிறது. கிராமுக்கு எத்தனை கலோரி என்பது மட்டுமே அளவுகோலாக இருந்தால், நூறு கிராமுக்கு 900 கலோரியை நெருங்கும் நெய்யே எல்லாவற்றையும் ஜெயித்துவிடும். நெய்யை யாரும் குடித்துக்கொண்டே நடக்க முடியாது. சாப்பிடாமல் திருப்பிக் கொண்டுவரும் உணவு எவ்வளவு சத்தானதாக இருந்தாலும் வெறும் பாரம். எனவே ருசியும் எடைக் கணக்கில் ஒரு பகுதிதான். இதில் தமிழ்ச் சமையலுக்கு ஒரு வசதி உண்டு: ருசியைத் தனியாகப் பிரித்து எடுத்துப் போகலாம். புளியோதரையைத் தூக்க வேண்டாம், எண்ணெய் மிதக்கக் காய்ச்சிய புளிக்காய்ச்சல் ஒரு சின்ன டப்பா போதும். ஊறிய அவலில் ஒரு கரண்டி போட்டுப் பிசைந்தால் சாப்பாடு தயார். இட்லிப் பொடி, உப்பு நார்த்தங்காய், வறுத்த மோர்மிளகாய் எல்லாம் கையளவுதான். வியர்வையில் போகும் உப்பையும் இவை ஈடுகட்டும். கடலை மிட்டாயையே நாள் முழுக்கத் தின்றவருக்கு மாலையில் ஒரு துண்டு நார்த்தங்காய் என்ன செய்யும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பொரி மட்டும் ஏமாற்றும். எடைக்குக் குறையில்லை, ஆனால் காற்றை அடைத்து வைத்த பண்டம் அது. பை நிரம்பிவிடும், வயிறு நிரம்பாது. முறுக்கு ருசிதான், மூன்றாம் நாள் தூளாகியிருக்கும்.

பொட்டலம் கட்டுவதில் கவனம் வேண்டும். வெள்ளியங்கிரி அடிவாரத்தில் வனத்துறையினர் பைகளைச் சோதிக்கிறார்கள், பிளாஸ்டிக் உறைகளைக் கொண்டுபோக விடுவதில்லை. கடை உறைகளைப் பிரித்து, சாமானைத் துணிப்பையிலோ காகிதத்திலோ நாளுக்கொரு பொட்டலமாக வீட்டிலேயே கட்டிவிடலாம். உறையின் எடையும் குறையும், முதல் நாளே எல்லாவற்றையும் காலிசெய்யும் ஆசைக்கும் தடை விழும். சமையலறைத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பார்ப்பதும், எடுத்துப்போகும் அவலைப் பச்சைத்தண்ணீரில் ஊறவைத்துப் பார்ப்பதும் நல்லது. மெல்லிய அவல் தண்ணீர் பட்டதும் இளகிவிடும், கெட்டி அவலுக்குக் கால்மணி நேரமாவது வேண்டும், சிவப்பரிசி அவலுக்கு இன்னும் கூடுதலாகலாம். நடுங்கும் குளிரில் கிண்ணத்தை வைத்துக்கொண்டு காத்திருக்க முடியாதவர்கள் மெல்லிய அவலை வாங்கலாம். பொறுமை உள்ளவர்கள் கெட்டி அவலைப் புறப்படும் முன்பே மூடிபோட்ட டப்பாவில் தண்ணீர் விட்டு வைத்தால், அடுத்த திருப்பத்தில் உட்காரும்போது ஊறியிருக்கும்.