கல்லரங்கிற்கு முன் மரவரங்கு: கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸின் டயோனிசஸ் அரங்கு

முன்னுரை

கிரேக்க நாடக அரங்கு என்றவுடன் வட்டமான ஆடுகளமும், அதனைச் சூழ்ந்து மலைச்சரிவில் விசிறிபோல் விரியும் கல்லிருக்கைகளும் நினைவில் எழுகின்றன. இத்தோற்றத்தைத் தருவது பெரும்பாலும் எபிடாரஸ் அரங்கு ஆகும். கீழ்ப்பகுதியில் 34, மேற்பகுதியில் 21 என 55 வரிசைகள் கொண்ட அவ்வரங்கு கட்டடக்கலையின் அரிய சாதனை என்பதில் ஐயமில்லை. ஆயின், அது கி.மு. 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தது. ஈஸ்கிலஸ் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே மறைந்தார். சோபாக்ளிசும் யூரிபிடிசும் கி.மு. 405க்குள் மறைந்துவிட்டனர். இம்மூவருள் எவரும் எபிடாரஸ் அரங்கைக் கண்டதில்லை. அவர்தம் நாடகங்கள் அரங்கேறிய முதன்மையான இடம், ஏதென்ஸ் அக்ரோபோலிஸ் குன்றின் தென்சரிவில் அமைந்த டயோனிசஸ் அரங்கு. அது அந்நாளில் எவ்வாறு இருந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மரப்பலகைகளும் பார்வையாளரும்

டயோனிசஸ் அரங்கில் இன்று காணப்படும் கல்லமைப்பின் பெரும்பகுதி, லைகர்கஸ் ஏதென்ஸின் நிதியை மேற்பார்த்த கி.மு. 4ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியோடு தொடர்புடையது. அதற்கு முன்னர் மக்கள் மரப்பலகைகளில் அமர்ந்தனர். அவற்றிற்கு 'இக்ரியா' என்பது பெயர். கி.மு. 411இல் அரங்கேறிய அரிஸ்டோபனிசின் நாடகமொன்றில் பெண்கள் யூரிபிடிஸ்மீது குறை கூறுகின்றனர்: கணவன்மார் இக்ரியாவிலிருந்து வீடு திரும்பியதும், கள்ளக் காதலன் எவனேனும் ஒளிந்திருக்கிறானா என்று தேடுகிறார்களாம். நகைச்சுவைக்காகப் போகிற போக்கில் சொல்லப்பட்டது இது. அரங்கை விவரிக்கும் நோக்கம் இல்லாமையே இதனை நம்பத்தகுந்த சான்றாக்குகிறது.

மரவரங்கில் 5,000 முதல் 7,000 பேர் வரை அமர்ந்திருக்கலாம் என்பது அண்மைக்கால ஆய்வாளர் பலரின் மதிப்பீடு. பின்னெழுந்த கல்லரங்கோ அதனினும் இருமடங்குக்கு மேல் கொள்ளக்கூடியது. அகத்தான் என்னும் கவிஞரின் வெற்றியை முப்பதினாயிரத்திற்கும் மேற்பட்டோர் கண்டதாகப் பிளேட்டோவின் உரையாடலில் சாக்ரடீஸ் கூறுவது நட்பார்ந்த மிகைக்கூற்றே. எனவே, ஏதென்ஸ் நகரமே திரண்டு நாடகம் கண்டது என்னும் வழக்கமான கூற்றினை 5ஆம் நூற்றாண்டுக்கு அப்படியே பொருத்துதல் கூடாது.

ஆடுகளம் வட்டமா?

ஜெர்மானியத் தொல்லியலாளர் டோர்ப்ஃபெல்ட் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு அகழாய்வு செய்தார். வளைந்த சுவர்ப்பகுதி ஒன்றைக் கொண்டு, தொடக்கக்கால ஆடுகளம் முழுவட்டம் என முடிவு செய்தார். கோரஸ் வட்டமாக ஆடியது என்னும் கருத்தோடு இது நன்கு பொருந்தியதால் நெடுநாள் நிலைத்தது. எனினும், ஒரு சிறு வளைவிலிருந்து முழுவட்டத்தை வரைவது துணிபன்று, ஊகமே. ஏதென்ஸின் ஆட்சிப் பகுதிக்குள் இருந்த தோரிகஸ் என்னும் ஊரின் பழைய அரங்கில் ஆடுகளம் வட்டமாக இல்லை. நேர்க்கோட்டு இருக்கைகளுக்கு முன் நீண்டு கிடக்கிறது. நேர்விளிம்புடைய களமே ஏதென்சிலும் இருந்திருக்கலாம் என்னும் கருத்து இன்று வலுப்பெற்றுள்ளது.

ஸ்கீனே: கதவு தந்த நாடகம்

'ஸ்கீனே' என்னும் சொல்லுக்குக் கூடாரம் என்பது பொருள். நடிகர் உடையும் முகமூடியும் மாற்றும் மறைவிடமே பின்னர் மாளிகையாகவும் கோயிலாகவும் காட்சிப் பொருளாயிற்று. கி.மு. 472இல் அரங்கேறிய ஈஸ்கிலசின் 'பாரசீகர்' நாடகத்தில் டேரியசின் கல்லறை இன்றியமையாதது. கதவுக்கோ அங்குத் தேவையில்லை. கி.மு. 458இல் அரங்கேறிய 'ஒரெஸ்டியா' முத்தொடரிலோ தொடக்கத்திலேயே மாளிகைக் கூரைமேல் காவலன் ஒருவன் இருக்கிறான். அகமெம்னான் வாயிலைக் கடந்து உள்ளே செல்கிறான். அவனது மரண ஓலம் மட்டுமே வெளியே கேட்கிறது. உட்புகலாமா என முதியோர் கோரஸ் வாதிட்டு நிற்கும்போதே உடல்கள் வெளிப்படுகின்றன. இவ்விரு ஆண்டுகளுக்கு இடையே ஸ்கீனே அமைந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர் பலர் கருதுவதற்கு இவ்வேறுபாடே அடிப்படை. கொலையை மேடையில் காட்டாமை சமயக் கட்டுப்பாட்டின் விளைவென்று மட்டும் கொள்வது போதாது. மூடிய கதவு தரும் அச்சத்தை ஈஸ்கிலஸ் நன்கு உணர்ந்திருந்தார்.

சக்கரங்களின்மேல் உள்ளிருந்து தள்ளப்படும் 'எக்கிக்ளெமா' என்னும் மேடைப்பலகையும், நடிகரை உயர்த்தும் 'மெக்கனே' என்னும் பாரந்தூக்கியும் இம்மரக்கட்டடத்தைச் சார்ந்தே இயங்கின. கி.மு. 431இல் மீடியா தன் குழந்தைகளின் உடல்களோடு வான்வழித் தேரில் தப்பிச் செல்லும் முடிவினை அரிஸ்டாட்டில் ஏற்கவில்லை. கதைப்போக்கிலிருந்தே முடிவு பிறக்க வேண்டும் என்றார். அரிஸ்டோபனிஸ் அதனை வேறுவகையில் கையாண்டார். கி.மு. 421இல் அரங்கேறிய 'அமைதி' நாடகத்தில் சாணவண்டின்மேல் ஏறி வானுலகு செல்லும் உழவன், நடுவானில் அச்சம் மேலிட, தன்னைக் கவனமாகத் தூக்கும்படி பாரந்தூக்கியை இயக்குபவனிடமே முறையிடுகிறான்.