நோயற்ற பிள்ளையையும் நோக்குவோம்

தருமபுரி மாவட்டத்தில் மேட்டூர் நீர்த்தேக்கத்தை அடுத்துள்ள ஏரியூர் வட்டாரம் மானாவாரிப் பூமி. கேழ்வரகும் நிலக்கடலையும் மழையை நம்பி விளைபவை. மழை பொய்த்த ஆண்டில் குடும்பத் தலைவர் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலை தேடிப் புறப்படுவார். இத்தகைய ஊரில், தலசீமியா என்னும் இரத்த நோயோடு ஒரு குழந்தை பிறப்பதாக வைத்துக்கொள்வோம். அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் வழக்கம் வேரூன்றிய மாவட்டத்தில் அது நடவாத காரியமன்று. பெற்றோர் இருவரும் நோயின் மரபுக்கூற்றை வெளித்தெரியாமல் தாங்கியிருப்பின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

நோய் கடுமையாயின் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றியாக வேண்டும். அதனால் உடலில் சேரும் இரும்புச்சத்தை வெளியேற்ற நாள்தோறும் மருந்தும் வேண்டும். பென்னாகரம் வழியே தருமபுரிக்குப் பேருந்தேறும் நாளில் தாய்க்குக் கூலி இல்லை; பொழுது சாயுமுன் வீடு திரும்புவதும் நிச்சயமில்லை.

அன்று வீட்டில் எஞ்சியிருக்கும் பிள்ளையைப் பற்றியே நாம் இங்கு எழுதுகிறோம். பத்து வயதுச் சிறுமி என்று கொள்வோம். ஆட்டை அவிழ்த்துக் கட்டுவாள், தண்ணீர் எடுப்பாள், சோறு வடிப்பாள், சில நாள் பள்ளிக்கும் போகாள். 'தங்கமான பிள்ளை, வாய் திறந்து ஒன்றும் கேட்காது' என்பர் ஊரார். அப்புகழுரையில்தான் நமக்கு ஐயம். கேளாத பிள்ளை மனம் தேறிய பிள்ளை என்று எவ்வாறு துணிந்தோம்? தம்பிக்கு மட்டும் பழமும் பொம்மையும் வரும்போது பொறாமை எழும். பொறாமைப்பட்டதற்காக வெட்கமும் எழும். 'எனக்கும் இது வருமோ' என்ற அச்சம் இரவில் வரும். தான் அவனைத் திட்டியதால்தான் நோய் வந்தது என்று நம்பும் குழந்தையும் உண்டு.

டொனால்ட் ஷார்ப், லூசில் ராசிட்டர் என்னும் ஆய்வாளர் இருவர் இத்தகைய பிள்ளைகளைப் பற்றிய 51 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து, 2002-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். மனச்சோர்வும் கலக்கமும் இவர்களிடம் ஓரளவு மிகுதி. ஆனால் அத்தாக்கம் பலரும் அஞ்சிய அளவுக்குப் பெரிதன்று. நாள்தோறும் சிகிச்சை தேவைப்படும் நோயுள்ள வீடுகளில் சுமை கூடுகிறது. பெரும்பாலான பிள்ளைகள் உடைந்து போவதில்லை என்பது நமக்கு ஆறுதலே. எனினும் உடையாத பிள்ளைக்கு ஒன்றும் வேண்டுவதில்லை என்று பொருள் கொள்ளலாகாது.

தலசீமியா உள்ள வீட்டில் உடன்பிறந்தோருக்கு மற்றொரு சோதனையும் காத்திருக்கிறது. எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை இந்நோயைத் தீர்க்க வல்லது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அச்சிகிச்சை 1986-ஆம் ஆண்டு முதல் நடைபெறுகிறது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளையின் மஜ்ஜை பொருந்த நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து எடுப்பர். சில நாள் வலி இருக்கும். எடுத்த மஜ்ஜை சில வாரங்களில் மீண்டும் ஊறிவிடும். இவற்றை அப்பிள்ளையிடம் முன்கூட்டிச் சொல்வோர் எத்தனை பேர்? 'ஊசி போடப் போகிறார்கள், வா' என்று அழைத்துச் செல்வது முறையன்று. பொருந்தவில்லையெனில், 'நான் உதவாதவள்' என்ற வடு தங்காதிருக்க, அது எவர் குற்றமுமன்று என்று தந்தையே வாய் திறந்து சொல்லவேண்டும். பொருந்திச் சிகிச்சை பலிக்காது போயினும் அவ்வாறே.

செலவில்லாத வேறு சிலவும் உள. நோயின் பெயரையும், அது தொற்றாது என்பதையும் வயதுக்கேற்ற சொற்களில் கூறலாம். மருந்து நேரத்தை நினைவூட்டுவது போன்ற சிறு பொறுப்பைத் தரலாம். வீட்டையே தலையில் ஏற்றலாகாது. இரத்தம் ஏற்றும் நாளில் பாட்டியோ அத்தையோ வந்திருந்து அவளைப் பள்ளிக்கு அனுப்பலாம். வாரத்தில் அரை மணியேனும், தம்பியைப் பற்றிப் பேசாமல், அவளோடு மட்டும் தாய் அமர்ந்திருக்கலாம்.

ஒன்றை மட்டும் ஒத்திப்போடலாகாது. நோயற்ற உடன்பிறந்தவர் மரபுக்கூற்றைத் தாங்கியிருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு. தாங்கியிருப்பது நோயன்று, அவர் வழக்கம்போல் வாழலாம். ஓர் இரத்தப் பரிசோதனை அதைக் காட்டிவிடும். பெண் பார்க்க வருவோர் திண்ணையில் அமர்ந்திருக்கும்போது அவள் இதனை முதன்முறையாகக் கேட்பதினும், அதற்கு முன்பே பெற்றோர் வாயால் கேட்பது மேல். மாப்பிள்ளைக்கும் அதே பரிசோதனையைச் செய்யும்படி கேட்க அப்போது அவளுக்குத் துணிவிருக்கும்.