நல்ல சமாரியன் கதையும் நால்வகைப் பொருளும்

கண்டித் திரித்துவக் கல்லூரித் தேவாலயத்துட் புகுவோர், செதுக்கு வேலைப்பாடமைந்த கற்றூண்களைக் கண்டு, கண்டியரசர் காலத்து மண்டபமொன்றினுள் வந்துவிட்டோமோ என மயங்குவர். அங்குள்ள சுவர்ச் சித்திரங்களைத் தீட்டியவர் அக்கல்லூரியின் பழைய மாணவரான டேவிட் பெயின்டர் (1900–1975). வேதாகமக் காட்சிகளை இலங்கை நிலத்தின் நடுவே, இந்நாட்டு மாந்தரின் சாயலில் அவர் அமைத்தார். அவற்றுள் ஒன்று நல்ல சமாரியன் கதை. பலஸ்தீனத்துப் பாதையொன்றில் நிகழ்ந்ததாகச் சொல்லப்பட்டதை இங்கே கொணர்தல் பொருந்துமா? திருமறைக்குப் பொருள் காணும் பழைய முறையை அறிந்தோர்க்கு இவ்வினா புதிதன்று.

அம்முறை மறைமொழிக்கு நான்கு பொருள் உண்டெனக் கொள்ளும். 5ஆம் நூற்றாண்டில் யோவான் கசியன் என்னும் துறவி, எருசலேம் என்ற ஒரு பெயரைக்கொண்டே இதனை விளக்கினார். சொற்பொருளில் அது யூதரின் நகரம். உருவகப் பொருளில் திருச்சபை. ஒழுக்கப் பொருளில் மனித ஆன்மா. மறுமைப் பொருளில் விண்ணுலக நகரம். அகப்பாட்டிலே உள்ளுறை கண்டு பழகிய தமிழர்க்கு இது வியப்பளிக்காது.

லூக்கா சுவிசேஷத்தின் 10ஆம் அதிகாரத்திலுள்ள சமாரியன் கதை இம்முறைக்கு வாய்த்த விளைநிலம். எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கிய ஒருவனைக் கள்வர் அடித்துக் குற்றுயிராக விட்டனர். ஆசாரியனும் லேவியனும் விலகிப் போயினர். யூதர் இகழ்ந்த சமாரிய இனத்தான் ஒருவனே காயங்கட்டிச் சத்திரத்திற் சேர்த்தான். அகுஸ்தீனார் இதனை விரித்த விதம் புகழ்பெற்றது. விழுந்தவன் ஆதாம், கள்வர் சாத்தானும் அவன் கணமும், சமாரியன் கிறிஸ்து, சத்திரம் திருச்சபை, சத்திரக்காரன் பவுல் அப்போஸ்தலன். அவனுக்குக் கொடுத்த இரண்டு நாணயங்களுங்கூட இறையன்பு, பிறரன்பு என்னும் இரு கட்டளைகளாயின.

அழகிய விரிவுதான். ஆயினும் எல்லாம் குறியீடாகிவிட்டபின், வழியில் இரத்தஞ்சிந்திக் கிடப்பவன் எங்கே? எரிகோப் பாதை ஏறத்தாழ 1,000 மீற்றர் சரிந்திறங்கும் பாறைவழி. கடுகண்ணாவைக் கணவாயின் வளைவுகளைக் கண்டோர்க்கு அதன் அச்சம் எளிதில் விளங்கும். அதே கொழும்பு–கண்டி வீதியில் உதுவன்கந்தைக் குன்றில் ஒளிந்து வழிப்பறி செய்த சரதியேல், 1864இல் கண்டியிலே தூக்கிலிடப்பட்டான். கள்வர் முதலிற் கள்வரே, சாத்தானாவது பின்னர்.

13ஆம் நூற்றாண்டில் தோமஸ் அக்குவினாஸ் இதனை வரையறுத்தார்: ஏனைப் பொருள்கள் யாவும் சொற்பொருளின்மேல் நிற்பன, வாதத்திற்கு ஆதாரமாவது சொற்பொருள் ஒன்றே. 1893இல் பதின்மூன்றாம் லியோ பாப்பரசர் வேதாகமக் கல்வி பற்றி விடுத்த சுற்றுமடலும், தக்க காரணமின்றிச் சொற்பொருளை விட்டு விலகலாகாதென்ற அகுஸ்தீனாரின் விதியையே நினைவூட்டிற்று. விதி வகுத்தவரே சமாரியன் கதையில் அத்துணைத் தொலைவு சென்றார் என்பது சுவையான முரண். அதே 1893இல் அப்பாப்பரசர், இந்திய, இலங்கைக் குருக்களைப் பயிற்றுதற்குக் கண்டியிலே குருமடம் நிறுவச் செய்தார். அம்பிட்டியாவில் வளர்ந்த அக்குருமடம் 1955இல் புனே நகருக்கு மாறியது. அவ்விடத்தில் இலங்கையின் தேசிய குருமடம் இயங்கி வருகின்றது.

பெயின்டரின் சித்திரம் ஒழுக்கப் பொருளின் வழி நிற்பது. காயம்பட்டவனை அது குறியீடாகக் கரைத்துவிடவில்லை. பார்ப்பவரின் ஊருக்கே கொணர்ந்து கிடத்துகின்றது. அவ்வூரும் கதைக்கு அயலானதன்று. 1983 ஜூலையில் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோதும், 2018 மார்ச்சில் திகனைப் பகுதியில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோதும், அயலவருக்குக் கதவு திறந்தோரும் இருந்தனர், அடைத்தோரும் இருந்தனர்.

இக்கதை பிறந்தது, தன் அயலான் யாரென ஒரு நியாயசாஸ்திரி வினவியதனால். கதைமுடிவில் இயேசு அவ்வினாவைத் திருப்பி, விழுந்தவனுக்கு அயலானாக நின்றவன் யாரெனக் கேட்டார். நியாயசாஸ்திரியின் விடையிலே சமாரியன் என்ற இனப்பெயர் இல்லை. இரக்கஞ்செய்தவன் என்று மட்டுமே அவன் சொன்னான். சொற்பொருளை நுணுகிப் படிப்போர் கண்ணுக்கே இது தென்படும்.