பனிக்காலத்தில் தறியும் தொழுவமும்

மார்கழி மாதத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கு வெம்பாக்கத்துத் தெருவொன்றில் நடந்து செல்பவர் முதலில் கேட்பது தறியின் ஓசையன்று. பாற்செம்பில் பால் பீச்சும் ஓசையே. வாசலில் சாணம் தெளித்துக் கோலமிட்டு, சாணவுருண்டையில் பூசணிப்பூச் செருகி வைத்திருப்பார்கள். உள்ளே தறிமேடையின்மேல் போர்வை விரித்து ஒரு பிள்ளை உறங்கிக்கொண்டிருக்கும். பின்கட்டில் பசுவின் மடிக்கருகே வீட்டுத் தலைவி அமர்ந்திருப்பார். சங்கத் தணிக்கைக்காகச் சென்ற காலங்களில் இக்காட்சியை நான் பன்முறை கண்டிருக்கிறேன். காலை ஒன்பது மணிக்கு முன்னர் இவ்வூரில் பெரும்பாலான பட்டுத்தறிகள் அசைவதில்லை. இது சோம்பலினால் விளைவது என்று நகரத்து வணிகர் ஒருவர் என்னிடம் சொன்னதுண்டு. அவர் குழித்தறியில் ஒரு நாளேனும் கால் வைத்தறியாதவர்.

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, ஏரிகளும் வேர்க்கடலைக் கொல்லைகளும் சூழ அமைந்த வெம்பாக்கம், ஆரணிப் பட்டு வட்டாரத்தைச் சேர்ந்தது. ஒரே குடும்பத்தில் ஒரு தறி, ஓர் ஏக்கர் அல்லது அதற்கும் குறைந்த நிலம், ஒன்றிரண்டு கறவை, நான்கைந்து வெள்ளாடு, சில நாட்டுக்கோழி என்று இருப்பது இப்பக்கத்தில் இயல்பு. இத்தகைய வீட்டின் பனிக்கால வாழ்க்கையை நம் சங்க அங்கத்தினர் கண்கொண்டு சிறிது ஆராய்வோம்.

ஐப்பசி, கார்த்திகையைக் கூதிர்காலம் என்றும், மார்கழி, தையை முன்பனிக்காலம் என்றும் நம் முன்னோர் வகுத்தனர். வடக்கிலிருந்து வீசும் காற்றுக்கு வாடை என்று தனிப்பெயரும் இட்டனர். குளிர்நாடுகளில் மாடுகளை ஆறு மாதம் கொட்டிலுக்குள்ளேயே வைத்துக் காக்க வேண்டியிருக்கிறது. நமக்கு அந்நிலை இல்லை. இங்கு மார்கழி இரவில் வெப்பம் 18 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கினாலே கடுங்குளிர் என்கிறோம். நல்ல தீனி தின்ற பசுவுக்கு அது இதமான வெப்பமே. அதன் வயிற்றில் வைக்கோல் புளித்துச் செரிக்கும்போது எழும் சூடே அதற்குப் போர்வை. ஆகவே நம் வீடுகளில் பனிக்காலத்துப் பகை குளிர் அன்று, ஈரம். ஈரத்தோடு வாடையும் சேர்ந்துவிட்டால் கன்றும் குஞ்சும் நூலும் ஒருங்கே கெடுகின்றன.

முதலில் தறியைப் பார்ப்போம். ஐப்பசி மழையில் நிலத்தடி நீர் மேலேறும்போது தறிக்குழியில் ஊற்றெடுக்கிறது. 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கருகே கரையைக் கடந்தபோது திருவண்ணாமலை மாவட்டமெங்கும் பெய்த மழையைப் பலரும் மறந்திருக்கமாட்டார்கள். திருவண்ணாமலை நகரில் மலைச்சரிவில் ஏழு உயிர்கள் போயின. அதன் பின்னர் நான் சென்ற சில வீடுகளில் மிதிபலகை மிதந்துகொண்டிருந்தது. நீரை இறைத்துவிடலாம், ஆனால் குழியின் சுவர் உலர வாரங்கள் ஆகின்றன. ஈரக்குழியில் நாள் முழுதும் கால் வைத்து நெய்பவருக்கு மூட்டுவலி வருவதும், பாவு இழை அடிக்கடி அறுவதும் வியப்பன்று. பருத்திநூல் நனைந்தால் வலுக் கூடும். பட்டுநூலோ நனைந்தால் வலுக் குன்றும். தெருவில் பாவு நீட்டி அறுந்த இழைகளை முடிவதற்கும் வெயில் வேண்டும். ஆகவேதான் பனி விலகும்வரை தறி காத்திருக்கிறது.

இவ்விடத்தில் சங்க நிர்வாகிகளின் கவனத்துக்கு ஒன்றைச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறேன். சங்கம் நூலை எடை போட்டுக் கொடுக்கிறது. நெய்த சேலையை எடை போட்டு வாங்குகிறது. குறைந்த எடைக்குக் கூலியில் பிடித்தம் செய்கிறது. நியாயமான ஏற்பாடாகவே தோன்றும். ஆனால் பட்டு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் பொருள். வணிக உலகம் ஒப்புக்கொண்ட கணக்கின்படி, முற்றிலும் உலர்ந்த 100 கிராம் பட்டு இயல்பான காற்றில் 111 கிராம் நிற்கும். கார்த்திகை அடைமழை நாளில் இது இன்னும் கூடும். வறண்ட நாளில் குறையும். உலர்நிலையில் 500 கிராம் உள்ள நூலை நூற்றுக்கு 13 ஈரம் உள்ள நாளில் கொடுத்தால் தராசு 565 கிராம் காட்டும். அதே பட்டு நூற்றுக்கு 9 ஈரமுள்ள நாளில் சேலையாகத் திரும்பும்போது 545 கிராம்தான் இருக்கும். ஓர் இழைகூடக் காணாமற் போகவில்லை. 20 கிராம் குறைந்துவிட்டது!

இக்குழப்பம் புதிதன்று. பிரான்சு தேசத்துப் பட்டு நகரமான லியோனில், 1805ஆம் ஆண்டிலேயே நெப்போலியனின் ஆணைப்படி, பட்டின் ஈரத்தை அளந்து எடையைத் தீர்மானிக்கப் பொது நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. விற்பவனும் வாங்குபவனும் ஈரத்தின் பேரால் ஒருவரையொருவர் ஐயுறாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. நம் சிறிய சங்கத்தில் அத்தகைய கருவிகள் இல்லாமற் போகலாம். ஆயினும் ஒரு நூற்கழியைக் கண்ணெதிரே அறையில் தொங்கவிட்டு, நூல் கொடுக்கும் நாளிலும் சேலை வாங்கும் நாளிலும் அதன் எடையைப் பதிந்துவந்தால், ஈரத்தால் வந்த வேறுபாடு எவ்வளவென்று எளிதில் தெரிந்துபோகும். ஒரு சங்கத்தில் முதிய நெசவாளர் ஒருவருக்கு இப்படிப் பிடித்தம் எழுதப்பட்டபோது, அவருடைய மனைவி என்னைப் பார்த்து, “ஐயா, நூலை நாங்க திங்கவா முடியும்? பனிதான் தின்னுட்டுப் போச்சு” என்றார். அன்று நான் அதை வேடிக்கைப் பேச்சாகவே எடுத்துக்கொண்டேன். கணக்குப் போட்டுப் பார்த்தபின் அந்த அம்மையார் சொன்னதே சரியென்று கண்டு வெட்கினேன்.

தறி தளரும் இந்த இரண்டு மூன்று மாதங்களில் குடும்பத்தைத் தாங்குவது பசு. சேலைக்கூலி, சேலை முடிந்தபின் மொத்தமாக வருவது. பால்பணமோ சங்கத்திலிருந்து சிறுகச் சிறுகத் தவறாமல் வருவது. அடுப்பெரியவும், மளிகைக்கடை பாக்கி ஏறாதிருக்கவும் அதுவே வழி. பால் நின்ற வீட்டில்தான் கார்த்திகை மாதத்தில் தனி வணிகரிடம் முன்பணம் வாங்குகிறார்கள். முன்பணம் வாங்கிய தறி தை பிறந்தபின் யாருக்கு நெய்யும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. கூட்டுறவு நெசவாளர் சங்கத்தின் தறிகளைக் காப்பாற்றுவதில் பால் சங்கத்துக்கும் பங்குண்டு என்பது என் துணிபு. 1935ஆம் ஆண்டு கோ-ஆப்டெக்ஸ் தோன்றியபோது நோக்கமாயிருந்தது நெசவாளரை இடைத்தரகரிடமிருந்து விடுவிப்பதே; அவ்விடுதலைக்குப் பின்கட்டிலிருந்தும் துணை வரக்கூடும்.

பனிக்காலத்தில் பாலில் கொழுப்புச் சத்து கோடையைவிடச் சற்றுக் கூடுகிறது. விலையும் கொழுப்பையும் இதர திடச்சத்தையும் கொண்டே கணிக்கப்படுகிறது. ஆனால் பால்மானியை வைத்து அளக்கும்போது ஒரு நுட்பம் உண்டு. பால் வெதுவெதுப்பாயிருந்தால் மானி குறைத்துக் காட்டும். குளிர்ந்திருந்தால் கூட்டிக் காட்டும். கறந்த சூட்டோடு ஓடிவந்து ஊற்றுபவருக்கு அளவு குறைவாய்ப் பதியப்பெற்றால் அது அவர் நீர் கலந்ததற்குச் சான்றாகாது. பாலின் வெப்பநிலையையும் பார்த்துத் திருத்தம் செய்தபின்னரே எண்ணை எழுதவேண்டும். பசுவுக்குக் காலையில் ஜில்லென்ற தொட்டி நீரை வைத்தால் அது முகர்ந்துவிட்டு விலகும். நீர் குறைந்தால் பால் குறையும். ஒரு குடம் வெந்நீர் கலந்து வைப்பதில் செலவொன்றும் இல்லை.

கன்றைப் பற்றி நம்மவருக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. சீம்பால் கன்றுக்குச் செரியாது என்று, நஞ்சுக்கொடி விழும்வரை சிலர் ஊட்டுவதேயில்லை. பிறந்த கன்றின் குடல், சீம்பாலிலுள்ள நோயெதிர்ப்புப் பொருள்களை முதல் சில மணி நேரத்தில்தான் நன்கு ஏற்கிறது. ஒரு நாள் கழிந்தால் அவ்வாயில் ஏறக்குறைய அடைபட்டுவிடும். ஈரமான மார்கழித் தரையில் கிடக்கும் கன்றுக்கு அதைவிட வேறு கவசம் கிடையாது. முதல் இரண்டு மணி நேரத்துக்குள் ஊட்டி, உலர்ந்த வைக்கோல் பரப்பி, வாடைக்காற்று வரும் பக்கம் கீற்றுத்தட்டியோ கோணிப்படுதாவோ கட்டிவிட்டால் பெரும்பாலும் கன்று பிழைத்துக்கொள்ளும்.

இனித் தீனி. மானாவாரி வேர்க்கடலையைப் பிடுங்கும் காலமும் மழைக்காலமும் நம் பக்கத்தில் ஒன்றோடொன்று வந்து மோதுகின்றன. நனைந்த காய் மூட்டையில் பூஞ்சை பூக்கிறது. விற்கத் தகாத அந்தக் காயை “மாட்டுக்காவது ஆகட்டும்” என்று ஒதுக்குவது வழக்கம். இவ்வழக்கத்தின் அபாயத்தை உலகம் அறிந்தது 1960ஆம் ஆண்டில். இங்கிலாந்தில் அவ்வாண்டு சுமார் ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. ஆராய்ந்ததில், பிரேசிலிலிருந்து வந்த வேர்க்கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சையின் நஞ்சே காரணம் என்று வெளிப்பட்டது. அஃப்ளடாக்சின் என்று அதற்குப் பெயரிட்டனர். ஈரலைத் தாக்கும் நஞ்சு அது. பசு தின்றால் அதன் ஒரு பகுதி உருமாறிப் பாலில் இறங்குகிறது, காய்ச்சினாலும் அழிவதில்லை. பாலில் இந்நஞ்சு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி கூறுகிறது. பூஞ்சைக் காயைத் தின்ற பசுவின் பாலை முதலில் குடிப்பது யார்? அந்த வீட்டுக் குழந்தைதான். பூஞ்சைப் பிண்ணாக்கையும், உள்ளே கறுத்துச் சூடேறிய வைக்கோலையும் எருக்குழிக்கு அனுப்ப மனம் வராதவர்கள் இதை நினைவில் கொள்ளவேண்டும்.

ஆடுகளைப் பனி உலர்வதற்கு முன் மேய்ச்சலுக்கு விடாதிருப்பது நல்லது. குடற்புழுவின் இளம்பருவங்கள் பனித்துளியின் ஈரத்திலேதான் புல்லின் நுனிவரை ஏறுகின்றன. வெயில் ஏறியபின் இறங்கிவிடுகின்றன. கோழிகள் மார்கழியில் முட்டையைக் குறைப்பது நோயன்று. பகற்பொழுது பதினொன்றரை மணிக்கும் குறுகிவிடுவதே காரணம். அப்பொழுது அவற்றை அடுப்புக்கு அனுப்பிவிடுவது அவசரம். வெள்ளைக்கழிச்சலுக்கு மட்டும் தடுப்பு மருந்தைத் தவறவிடலாகாது. கால்நடைத்துறை முகாம் நடத்தும்போது கூடையோடு கொண்டுபோய்விடுவதே மேல்.

தறியும் தொழுவமும் ஒரே கூரையின்கீழ் இருப்பதில் ஒரு தீங்கும் உண்டு. சரிகையில் வெள்ளி இருக்கிறது. அழுகும் சாணத்திலிருந்தும் தேங்கிய மூத்திரத்திலிருந்தும் எழும் கந்தக ஆவி பட்டால் வெள்ளி கறுக்கும். சரிகை கறுத்தது என்று திரும்பிய சேலைக்கு நூலையும் சாயத்தையும் குறைகூறியவர்கள், சுவருக்கப்பால் இருந்த எருக்குழியைப் பார்க்கவில்லை. கொசுவுக்காக வேப்பிலை மூட்டம் போடுவதும் தறியறைக்கு எதிர்த்திசையில் இருத்தல் வேண்டும்.

கடைசியாக, மாட்டுப்பொங்கலன்று நேர்ந்த ஒன்று. ஒரு நெசவாளர் வீட்டில் நாளொன்றுக்கு எட்டு லிட்டர் கறந்த பசு இருந்தது. கொம்புக்கு வண்ணம் தீட்டி, மாலையிட்டு, வீட்டார் அனைவரும் ஆளுக்கொரு கை பொங்கல் ஊட்டினர். உறவினர் வந்தனர், அவர்களும் ஊட்டினர். மிஞ்சிய சோறும் வெல்லமும் தொட்டியில் கொட்டப்பட்டன. மறுநாட் காலையில் பசு அசைபோடவில்லை. மாலையில் படுத்தது. மூன்றாம் நாள் எழவில்லை. வைக்கோலைச் செரிக்கும் வயிற்றில் வெந்த அரிசி திடீரென நிறைந்தால், அது விரைவாகப் புளித்து அமிலமாகிறது. செரிப்புக்குத் துணைநிற்கும் நுண்ணுயிர்கள் மடிகின்றன. அமிலம் இரத்தத்திலும் ஏறுகிறது. தொடக்கத்திலேயே மருத்துவரை அழைத்து, அவர் சொல்லும் அளவில் சமையல் சோடாக் கரைசல் புகட்டியிருந்தால் பிழைத்திருக்கக்கூடும். அன்பினால் செய்த கொலை என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் உண்மை அதுவே.

அப்பசு காப்பீடு செய்யப்பட்டிருந்தது. ஆயினும் காதிலிருந்த 12 இலக்க வில்லை மழைக்காலத்தில் வேலியில் சிக்கி அறுந்துபோயிருந்தது. புதிய வில்லைக்கு எழுதிக்கொடுக்க எவருக்கும் நேரம் வாய்க்கவில்லை. வில்லையில்லாத மாட்டை அடையாளம் காண இயலாதென்று இழப்பீடு மறுக்கப்பட்டது. விதி அவ்வாறே இருந்தது. விதியை எடுத்துக்காட்டி மனுவைத் திருப்பிய கடிதத்தை அவருக்குப் படித்துச் சொல்ல நேர்ந்தவன் நானே. அவ்வாண்டு தறி சங்கத்தைவிட்டுப் போயிற்று. மீண்டு வர இரண்டு வருடம் ஆயிற்று.

சென்ற தையில் அவ்வீட்டுக்குப் போயிருந்தேன். கடனில் வாங்கிய கிடாரி ஈன்று கறந்துகொண்டிருந்தது. காதில் மஞ்சள் வில்லை. அந்த அம்மையார் வாழையிலையில் உள்ளங்கையளவு பொங்கல் வைத்து அதற்கு ஊட்டினார். பேரப்பிள்ளை இன்னொரு கை அள்ளிக்கொண்டு ஓடிவந்தான். அதை அவன் வாயிலேயே ஊட்டிவிட்டு, பசுவின்முன் ஒரு பிடி வைக்கோலை உதறிப் போட்டார்.