தொடர் நூல்களுக்கு ஓர் எண்ணொழுங்கு

தமிழ் நூல்கள் பலவற்றின் முகப்பில் ‘கழக வெளியீடு’ என்னும் தொடரும், அதனருகே ஓர் எண்ணும் அச்சிடப்பெற்றிருத்தலை அன்பர்கள் கண்டிருப்பார்கள். தஞ்சைச் சரசுவதி மகால் நூலகப் பதிப்புகளிலும் இத்தகைய வெளியீட்டு எண் உண்டு. இஃது அழகுக்காக இட்டதன்று. தொடரில் எது நம்மிடம் உள்ளது, எது இல்லை என்று காட்டும் கருவி இதுவே.

சீர்காழியில் 1892 இல் பிறந்து, 1947 இல் டில்லிப் பல்கலைக்கழகத்திற்கு வந்து நூலக இயல் கற்பித்த பேராசிரியர் எஸ். ஆர். இரங்கநாதன் அவர்களின் நூல்களையே சான்றாகக் கொள்வோம். சென்னை நூலகச் சங்க வெளியீட்டு வரிசையில் நூலக இயலின் ஐந்து விதிகள் பற்றிய ஆங்கில நூல் (1931) இரண்டாவது. கோலன் பகுப்பு முறை (1933) மூன்றாவது. பட்டியல் விதிகள் (1934) நான்காவது. ஒரு நூலகத்தில் இரண்டும் நான்கும் இருப்பின், மூன்றாவது இல்லையென்பதைப் பட்டியலே அறிவித்துவிடும்.

ஆனால் ஒருவர் ‘வெளியீடு 2’ என்றும், மற்றொருவர் ‘எண் 4’ என்றும், வேறொருவர் தமிழ் எண்ணில் ‘௩’ என்றும் எழுதினால் அவ்வறிவிப்பு மறைந்துபோம். அட்டையைப் பார்க்கும் மனிதர் பொருளை ஊகித்துக்கொள்வார், கணிப்பொறி ஊகிக்காது. எண்ணை வெறும் எழுத்தாகக் கொண்டு வரிசைப்படுத்தும்போது அது 10 ஐ 2 க்கு முன்னே நிறுத்திவிடும்.

இதற்கு நூலகத்தார் கண்ட வழி எளிது. நூலில் உள்ளவாறே தொடரின் பெயரையும் எண்ணையும் ஓரிடத்தில் எழுதுவர். தேடுவதற்கென மற்றோரிடத்தில் ஒரே வடிவில் எழுதுவர். அவ்வடிவம் இன்னதென முதன்முறையே முடிவு செய்து, தனிப் பதிவேட்டில் குறித்துவைப்பர். அச்சில் எண் பிழையாயிருப்பின், உள்ளவாறே எழுதித் திருத்தத்தைக் குறிப்பாகச் சேர்ப்பர். எண்ணில்லாத நூலுக்குத் தாமாக எண் கற்பிப்பதில்லை.

தமிழகத்தை விட்டுத் தொலைவில் வாழும் நமக்கு இவ்வொழுங்கு மிகவும் வேண்டுவது. பல பகுதிகளாக வந்த நூலொன்றில் இடையே ஒரு பகுதி தவறினால், அதனை இங்கே மீண்டும் பெறுதல் அரிது. தவறியதே தெரியாவிடில் தேடுவார் யார்? படிக்க வந்த சிறுவன் பாதியில் நின்றுவிடுவான். மேலும், சங்க நூலகங்களில் தொண்டு செய்வோர் மாற்றலாகிச் செல்வர், புதியோர் வருவர். முன்னவர் நினைவில் வைத்திருந்த முறை அவரோடு சென்றுவிடும். எழுதிவைத்த முறையோ நிலைக்கும்.

படிப்பவரின் காலத்தைச் சேமிக்க வேண்டுமென்பது பேராசிரியர் வகுத்த நான்காம் விதி. எண்ணை ஒரே வகையாக எழுதுதல் அவ்விதிக்கு நாம் செய்யத்தக்க சிறு தொண்டாகும்.