ஏழு துண்டுகளில் ஒரு மலர்: தாள் கொண்டு தைக்கும் ஒட்டுப்போர்வை

வளைகுடா நாடுகளில் வாழும் குடும்பங்கள் வீடு மாறும்போதும் ஊர் திரும்பும்போதும் முதலில் கழிப்பவை பழைய துணிகளே. பெட்டியின் எடை வரம்பு காரணமாக, அன்னையின் பருத்திச் சேலையும் குழந்தையின் முதல் சட்டையும் கைவிடப்படுகின்றன. அவற்றைப் போர்வையாக்கிக் காப்பது தெற்காசியாவுக்குப் புதிதன்று. வங்காளத்தின் காந்தா, சிந்துப் பகுதியின் ரல்லி, கர்நாடகத்துச் சித்தி மக்களின் கவந்தி ஆகியவை பழந்துணியிலிருந்து பிறந்தவை.

தையல் இயந்திரம் இல்லாதோரும் கற்கத்தக்க முறை, தாளின் மீது துணியை மடித்துத் தைப்பதாகும். இங்கிலாந்தில் 1718ஆம் ஆண்டைக் குறிக்கும் பட்டு ஒட்டுப்போர்வை ஒன்று இம்முறையில் தைக்கப்பட்டது. அதனுள் வைத்த தாள்கள் இன்றும் அகற்றப்படாமல் உள்ளன.

தாள் ஏன் தேவை?

துணி இழுபடும்; தாள் இழுபடாது. ஒவ்வொரு துண்டும் ஒரு மில்லிமீட்டர் பிசகினால், இருபது துண்டுகள் கொண்ட வரிசையில் இரண்டு சென்டிமீட்டர் வேறுபாடு தோன்றும். தாளின் விளிம்பையே துணி பின்பற்றுவதால், பழகாத கையும் சரியான அளவைப் பெறுகிறது.

செய்முறை

1. துணிகளைத் துவைத்து, உலர்த்தி, இஸ்திரி செய்ய வேண்டும்.

2. தடித்த தாளில், பக்கத்திற்கு 1 அங்குலம் உள்ள அறுகோணங்களை வெட்ட வேண்டும். பழைய வாழ்த்து அட்டைகள் இதற்குப் போதும்.

3. தாளைச் சுற்றிலும் கால் அங்குலம் கூடுதலாக விட்டுத் துணியை வெட்ட வேண்டும். அந்த ஓரத்தைத் தாளின்மேல் மடித்து, மூலைகளில் நூலோட்ட வேண்டும்.

4. இரு துண்டுகளின் நல்ல பக்கங்களை எதிரெதிரே வைத்து, மெல்லிய ஊசியால் மடிப்பின் ஓரிரு இழைகளை மட்டும் கோத்துத் தைக்க வேண்டும். ஊசி தாளைத் துளைக்கலாகாது.

5. ஆறு பக்கங்களும் இணைந்த பின்னரே ஒரு துண்டின் தாளை அகற்ற வேண்டும். அதே தாளை மீண்டும் பயன்படுத்தலாம்.

நாள்தோறும் பயிற்சி

நடுவில் ஒன்றும் சுற்றிலும் ஆறுமாக ஏழு அறுகோணங்கள் சேர்ந்தால் ஒரு மலராகும். நாளுக்கு ஒரு துண்டை மடித்து வைத்தால், வார இறுதியில் ஒரு மலருக்கான துண்டுகள் ஆயத்தமாகும். அவற்றை இணைக்கப் பன்னிரண்டு தையல் வரிகள் தேவை. மறுவாரம் நாளுக்கு இரண்டாக ஆறு நாளில் முடித்து, ஏழாம் நாள் ஓய்வு கொள்ளலாம். மாதம் ஒருமுறை நெடுநேரம் தைப்பதைவிட, நாள்தோறும் சிறிது நேரம் தைப்பதே கைக்கும் கண்ணுக்கும் ஏற்றது. முதல் மலரைப் பிரித்துத் திருத்தாமல் வைத்திருந்தால், பின்னர் தைத்தவற்றோடு ஒப்பிட்டு முன்னேற்றத்தை அறியலாம். இவ்வாறு உருவாகும் 52 மலர்களை இணைத்தால், ஏறக்குறைய 30 அங்குலச் சதுரப் பரப்பு கிடைக்கும். தொட்டில் குழந்தைக்கு அது போதும். குளிரூட்டப்பட்ட அறைக்கு, நடுவே பஞ்சிற்குப் பதிலாக மெல்லிய பருத்தி விரிப்பு வைத்தால் போதுமானது.

கைமாறும் கலை

ஐக்கிய அரபு அமீரகத்தின் சாது நெசவை யுனெஸ்கோ 2011இல் அவசரப் பாதுகாப்பு தேவைப்படும் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. அதை அறிந்தோர் பெரும்பாலும் முதியோராகவும், எண்ணிக்கையில் குறைந்தும் இருந்தனர். கற்போர் இல்லையெனில் எந்தக் கைத்திறனுக்கும் அந்நிலையே நேரும். ஆகவே, ஊசியைப் பிடிக்கத் தெரிந்த மூத்தோர் அருகில் பிள்ளைகளையும் அமர்த்தித் துண்டுகளை மடிக்கச் செய்வது நன்று.

தைத்தவற்றை விற்க விரும்புவோர், வீட்டுத் தொழிலுக்கான உரிம விதிகள் இடத்திற்கு இடம் வேறுபடுவதால், தத்தம் பகுதியின் உரிய அலுவலகத்தில் முன்னதாகக் கேட்டறிதல் வேண்டும்.