ஜேம்ஸ் ஹாரிசன்: ரத்தத்திலேயே மருந்து இருந்த மனிதர்

ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன் 2025 பிப்ரவரி 17 அன்று, நியூ சவுத் வேல்ஸில் ஒரு முதியோர் இல்லத்தில் தூக்கத்திலேயே காலமானார். வயது 88. அவர் ஆட்சியில் இருந்தவரோ அறிவியலாளரோ அல்ல, ரத்தம் கொடுத்தவர். ஆனாலும் உலகப் பத்திரிகைகள் அவருக்கு அஞ்சலி எழுதின.

14 வயதில் அவருக்கு நெஞ்சில் பெரிய அறுவை சிகிச்சை நடந்தது. யார் யாரோ கொடுத்த ரத்தம்தான் உயிரைக் காப்பாற்றியது. வயது வந்ததும் தானும் கொடுப்பேன் என்று முடிவு செய்தவர், 18 வயதில், 1954-ல் தொடங்கினார். பின்னால்தான் அவருடைய பிளாஸ்மாவில் 'ஆன்டி-டி' என்ற எதிர்ப்பொருள் மிகுதியாக இருப்பது தெரியவந்தது. சிறுவயதில் ஏற்றிய ரத்தம் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது மருத்துவர்களின் கருத்து.

அந்த எதிர்ப்பொருளுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? தாய்க்கு நெகட்டிவ் ரத்தம், தந்தைக்கு பாசிட்டிவ் என்றால், குழந்தைக்கும் பாசிட்டிவ் வரக்கூடும். பிரசவத்தின்போது குழந்தையின் ரத்தம் கொஞ்சம் தாயின் உடலில் கலந்துவிடும். தாயின் உடல் அதை அந்நியமாகக் கருதி, எதிர்ப்பொருளை உண்டாக்கி வைத்துக்கொள்ளும். முதல் குழந்தை பெரும்பாலும் தப்பிவிடும். சிக்கல் அடுத்த கர்ப்பத்தில்தான். அந்த எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகச் சென்று கருவின் சிவப்பணுக்களை அழிக்கும். கடும் ரத்தசோகை, மஞ்சள் காமாலை, மூளைப் பாதிப்பு, சில நேரம் வயிற்றிலேயே மரணம். முதல் பிள்ளை நல்லபடி பிறந்த வீட்டில் அடுத்தடுத்த பிள்ளைகள் தங்காமல் போன துயரங்களில் பலவற்றுக்கு இதுவே காரணம்.

ஆன்டி-டி ஊசி தாயின் உடலுக்குள் வந்த குழந்தையின் சிவப்பணுக்களை முந்திக்கொண்டு அகற்றிவிடுகிறது. தாயின் உடல் எதிர்க்கக் கற்றுக்கொள்ளும் முன்பே வேலை முடிந்துவிடும். நம் ஊர் மருத்துவமனைகளிலும் நெகட்டிவ் ரத்தமுள்ள தாய்க்கு, குழந்தை பாசிட்டிவ் என்றால், பிரசவமான 72 மணி நேரத்துக்குள் போடும் ஊசி இதுதான். கருச்சிதைவுக்குப் பிறகும் இது தேவைப்படலாம். அதைப் பலரும் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

ஆஸ்திரேலியாவில் ஆன்டி-டி ஊசி போடும் திட்டம் 1967-ல் தொடங்கியது. ஹாரிசன் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பிளாஸ்மா கொடுத்துவந்தார். பிளாஸ்மாவை மட்டும் பிரித்தெடுத்துச் சிவப்பணுக்களை உடலுக்கே திருப்பிவிடுவதால்தான் இப்படி அடிக்கடி கொடுக்க முடிகிறது. ஊசி குத்துவதைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்காது. கூரையையோ நர்ஸ்களையோ பார்த்துக்கொண்டு கையை நீட்டிவிடுவார். மொத்தம் 1,173 முறை: வலது கையில் 1,163, இடது கையில் 10. வயது வரம்பு காரணமாக 2018 மே மாதம், 81 வயதில் நிறுத்த வேண்டியதாயிற்று.

அவர் 24 லட்சம் குழந்தைகளைக் காத்தார் என்பது ஆஸ்திரேலிய செஞ்சிலுவை அமைப்பின் மதிப்பீடு. ஊசி இல்லாவிட்டால் அத்தனை பேரும் இறந்திருப்பார்கள் என்று அதற்குப் பொருளில்லை. யாருக்கு ஆபத்து வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாததால் எல்லாருக்கும் போட வேண்டியிருக்கிறது. அவருடைய சொந்த மகளும் இந்த ஊசி போட்டுக்கொண்டவர்தான்.

இந்த மருந்தை இன்னும் மனிதரிடமிருந்துதான் ஆஸ்திரேலியா பெறுகிறது. 200-க்கும் குறைவான கொடையாளர்களை நம்பி ஆண்டுக்குச் சுமார் 45,000 தாய்மார்கள் இருக்கிறார்கள். ஹாரிசன் உள்ளிட்டோரின் ரத்த அணுக்களைக் கொண்டு இதே எதிர்ப்பொருளை ஆய்வகத்தில் வளர்க்கும் முயற்சி மெல்போர்னில் நடந்துவருகிறது.